திரையின் மூலையில் மூன்று மணி

இன்றைக்கும் போனில் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால் என் கை பின்வாங்கும். பத்தாவது பரீட்சைக்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூன்றாம் வகுப்பில் இன்னும் மோசம். ஜங்ஷனில் ரயில் ஊதினால் தடம் புரண்டுவிட்டதோ என்று காதைத் தீட்டுவேன். அப்படிப்பட்டவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாமா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தார்.

அத்தா, என் அப்பா, சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு இரவு எட்டரை, அவருக்கு ஆறு மணி ஆகும்போது அவர் முகம் அதில்தான் வரும். லீவில் வந்தபோது அவரே பேசுவதற்கான சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதன் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோயிற்று. கம்ப்யூட்டர் மறக்காததால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கம்ப்யூட்டரே அடிக்கடி உறைந்து நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார்கள். அம்மா அப்படியே அதை ஆட்டோவில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

மாமா செராமிக் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ்களை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குபவர். அந்தத் தெம்பில் எதையும் தொடுவார்.

"ஏங்க்கா கவலப்படுற? என் பொட்டி கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல குதிச்சிக்கிட்டே போவுது. ஒண்ணாவது ஒடஞ்சிருக்கா?"

"எதுவும் போவக் கூடாது தம்பி. இருக்குறது இருக்குறபடி இருக்கணும்."

புது சிஸ்டத்தை பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதிலிருந்து கிளப்பினால் பழையது எதுவும் மிஞ்சாதாம். தட்டுத் தடுமாறியாவது ஓடும்போதே உள்ளே போய்த்தான் போட வேண்டுமாம். "குடியிருக்குற வூட்ல சாமானக் கலைக்காம தரைய மட்டும் மாத்துற மாதிரி," என்றார்.

எதையெல்லாம் வைத்துக்கொள்வது என்று திரை கேட்டது. மாமா வேண்டுமென்றே அம்புக்குறியை 'எதுவும் வேண்டாம்' என்பதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நான் அலறினேன். சிரித்துக்கொண்டே, எல்லாம் இருக்கட்டும் என்பதை அழுத்தினார்.

சதவீதம் ஊர்ந்தது.

"கரண்டு போனா என்னா மாமா பண்ணுவீங்க?"

"ஒன் வாயாலயே போவப்போவுதுடா. பேசாம குந்து."

கம்ப்யூட்டர் தானாக அணைந்தது, எழுந்தது, மறுபடி அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தாவே அணைந்துபோவதாக எனக்குப் பட்டது. கடைசியில் எங்கள் பழைய ரோஜாப்பூப் படத்தோடு திரை விழித்தது. பேசும் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்தது. மேலே அத்தாவின் பெயர். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. திரையின் மூலையில் மூன்று.

"பழைய கோளாறு போலருக்குக்கா. அதையும் ஒடையாமக் கொண்டாந்துட்டேன்," என்று சொல்லி, இரண்டே தட்டில் அதையும் ஐந்தரையாக்கினார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

"அத மாத்தாத."

"தப்பு டைமுக்கா அது."

"எனக்குத் தெரியும். இருந்தபடி வச்சிடு."

மாமா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். கேலி எதுவும் செய்யாமல் பழையபடி மாற்றி வைத்தார். அம்மா அந்த மூலையையே பார்த்துக்கொண்டு, "இப்பதான் சாப்ட்டு எழுந்திருப்பாங்க," என்றார், எங்கள் இருவரிடமும் அல்லாமல்.

நாங்கள் சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. யாரைச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேறு கவலை வந்துவிட்டது: கோளாறை இப்படித் தெரிந்தே உள்ளே விட்டுவைத்தால், கம்ப்யூட்டர் மறுபடி கெட்டுப்போகாதா?