சின்ன மதர்போர்டு

ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவது அமிர்தராஜின் வேலை. சந்தையில் வெட்டித் தரச் சொன்னால் நல்ல துண்டாகப் பார்த்து ஒன்றை ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. முழு மீனாகவே வாங்கிவந்து, பின்பக்கக் குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து, அதற்குப் பிறகே அரிவாள்மணையில் வைப்பார்.

"முக்கொம்பு மீனுன்னு சொன்னான்," என்றார் செதிலைச் சுரண்டிக்கொண்டே. "இது முக்கொம்பு எந்தத் திசையில இருக்குன்னே அறியாது. ஏதோ குட்டையில தவிடு தின்னு வளந்தது."

"தெரிஞ்சுதானே வாங்குனீங்க?" அடுப்படியிலிருந்து பாக்கியமேரி கேட்டாள்.

"எல்லாக் கடையிலயும் இதே பொய்தான். இவன் கொஞ்சம் மரியாதையாச் சொன்னான்."

பொன்மலை ரயில்வே பணிமனையின் ஸ்டோர்ஸில், வந்து இறங்குகிற சரக்கைச் சோதித்து வாங்குகிற வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நட்டு, போல்ட்டு, வாஷர், ரப்பர் குழாய் எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். பெட்டியில் மேல் வரிசையை அவர் பார்க்கவே மாட்டார். "காட்டுறதுக்குன்னு வச்சிருப்பான். அடியில கைய விடு," என்பார். அதே கை வீட்டிலும் நீண்டது. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை பார்ப்பார். கிறிஸ்மஸ் கேக்கில் முந்திரி இருக்கிறதா என்று ஸ்வெட்டர் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறார். தன் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன்னால், பெண் பாக்கியமேரியின் ஞானஸ்நானச் சான்றிதழ் அசல்தானா என்று லால்குடிப் பக்கம் அவர்கள் பங்குக் கோயிலுக்கே பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்தவர். பாக்கியமேரி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. பேச்சுவாக்கில் மட்டும் அவ்வப்போது எடுப்பாள்.

ஆகவே மகள் ஆன்சி கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொன்னபோது, கடையில் கட்டிவைத்ததை வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மூடின டப்பாவுக்குள் என்ன பழசைச் செருகியிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி வீட்டில் வைத்து நாமே பூட்டுவோம் என்றார். ஆன்சி வீடுகளின் உள் அலங்காரத்தை நிஜம்போலவே படமாக்கிக் கொடுக்கிற வேலை செய்கிறாள். பழைய லேப்டாப் ஒரு சோபாவை வரைவதற்குள் மூச்சு வாங்கியது. அப்பா சொன்னதற்கு அவளும் சரி என்றாள். பிராசசர் வந்தது, ராம் வந்தது, எல்லாம் அமிர்தராஜின் பீரோவில் பூட்டி இருந்தன. எல்லாவற்றையும் தாங்குகிற மதர்போர்டு மட்டும் பாக்கி. அதில்தான் சண்டை.

கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஆன்சி வந்து நின்றாள். "அப்பா, அந்தச் சின்ன போர்டையே எடுத்துடலாம்ப்பா. பாசில் பாய் இன்னைக்குக் கடை தொறந்திருப்பாரு."

"பெருசுல ராம் போட நாலு இடம். உன் சின்னதுல ரெண்டு. கார்டு போடப் பெருசுல மூணு இடம், இதுல ஒண்ணே ஒண்ணு. விலை மட்டும் சின்னதுக்குத்தான் கூட. குறைச்சலாக் குடுத்து ஜாஸ்தி வாங்குறான்னா அதுக்கு என்ன பேரு?"

"எனக்கு ரெண்டு போதும்."

"இப்பப் போதும். ரெண்டு வருஷம் கழிச்சு?"

"அப்பப் பாத்துக்கறேன்."

"எல்லாத்தையும் உள்ள வைக்கற கேபினட்டு?"

"அதை நான் ஆர்டர் பண்ணிக்கறேன். நீங்க போர்டை மட்டும் பாருங்க." சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அமிர்தராஜ் துண்டில் கையைத் துடைத்தார். நாலு வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுக்கிற பெண், அதிக விலை கொடுத்துக் குறைவான பொருளை வாங்குகிறாள் என்றால், யாரோ மண்டையில் ஏற்றியிருக்க வேண்டும். அது பாசிலைத் தவிர வேறு யாராக இருக்கும்? விற்காத சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான்.

சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். "எங்கங்க, வெயில்ல?" என்று பாக்கியமேரி கேட்டாள். "சரக்கு பாக்க," என்றார்.

பாசிலின் கடை சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில். நாற்பது வயது மனிதர், மேசை நிறைய ஸ்க்ரூ டிரைவர். அமிர்தராஜ் படியேறுவதைப் பார்த்ததும் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

"வாங்க சார். லென்ஸ் கொண்டாந்திருக்கீங்களா?"

"கொண்டாந்திருக்கேன். அந்தச் சின்ன போர்டைக் காட்டுங்க பாய்."

பெட்டி வந்தது. அமிர்தராஜ் நாலு மூலையையும் தடவினார். "சீல் எங்க?"

"அந்தக் கம்பெனி சீல் ஒட்டுறதே இல்ல சார். போன தடவை பிராசசருக்கு சீல் இருந்துச்சு, அது ஒரிஜினல் சீல்தானான்னு கேட்டீங்க. இதுக்கு இல்லவே இல்ல. நான் என்ன பண்ண?"

பெட்டிக்குள் சாம்பல் நிற உறையில் இருந்தது அது. விரித்த கைக்குள் அடங்குகிற அளவு. பிராசசர் உட்காரும் இடத்து மூடியை எடுக்கச் சொல்லி, உள்ளே இருந்த ஊசி ஊசியான பின்களை லென்ஸில் வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒன்றுகூட வளைந்திருக்கவில்லை. பெட்டியில் இருந்த எண்ணும் போர்டில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. குறை இல்லாததே அவருக்கு ஒரு குறையாகப் பட்டது.

"பாய், நேராக் கேக்கறேன். பெருசு இருக்கறப்ப இதை ஏன் என் பொண்ணு தலையில கட்டுறீங்க?"

பாசில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "நானா? அல்லாஹ் அறிய சார், நான் பெருசுதான் எடுத்து வச்சேன். அதோ, உங்க பேரு எழுதி இருக்கு பாருங்க. பாப்பாதான் வேணாம்னுச்சு. இந்தச் சின்னது எங்கிட்ட இல்லவே இல்ல, சென்னையிலேந்து வரவழைச்சேன். திருச்சியில இதை யாரு கேக்குறா?"

"யாரும் கேக்காததை அவ ஏன் கேக்குறா?"

"ஸ்ரீரங்கத்துல ஒரு பையன் கேட்டான் சார். மெரைன் எஞ்சினியர், கப்பல்ல எடுத்துட்டுப் போக. இது முழுசா பூட்டுனாலும் ஸ்கூல் பை அளவுதான் வரும். ரயில்ல மடியில வச்சிக்கலாம். ஊர் ஊராப் போறவங்க, ஹாஸ்டல்ல இருக்கறவங்க எடுப்பாங்க. வீட்டுல ஒரே எடத்துல வைக்கறவங்க…" பாசில் சொல்லிக்கொண்டே வந்தவர் அமிர்தராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "டீ சொல்லட்டுமா சார்?"

டீ வந்தது, ஆறியது. ஆன்சி போன வாரம் டேப்பை வைத்துத் தோள்பையை அளந்துகொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. என்னம்மா என்று கேட்டதற்கு, சும்மாப்பா என்றாள். மாடியில் நின்று பேசும் போன். கேபினட்டை நான் ஆர்டர் பண்ணிக்கறேன் என்றது. எல்லாம் மேல் வரிசையிலேயே கிடந்திருக்கிறது. அவர் பெட்டியின் அடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் குடுங்க," என்றார். "ஒண்ணைத் திருப்பிக் குடுப்பேன்."

"எதைன்னு இப்பவே சொல்ல மாட்டீங்களா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா பாய்?"

பொன்மலைப்பட்டி பஸ்ஸில் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் பாக்கியமேரி துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆன்சி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தாள். பெட்டிகளை அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எந்த ஊரு?"

ஆன்சி அம்மாவைப் பார்த்தாள். பாக்கியமேரி கையிலிருந்த தலையணை உறையை ஏற்கெனவே மடித்த மடிப்பிலேயே இன்னொரு தரம் மடித்தாள்.

"ஓ, உனக்கும் தெரியும்," என்றார் அமிர்தராஜ்.

"அவளே சொல்லட்டும்னு இருந்தேன்."

"பெங்களூரு," என்றாள் ஆன்சி. "பிரான்சி இருக்கால்ல, காலேஜ்ல என்கூடப் படிச்சவ. அவளும் நானும் சேந்து சின்னதா ஒரு ஸ்டுடியோ. அவங்கவங்க மெஷினை அவங்கவங்க கொண்டாரணும். மாசக் கடைசியில போறேன்."

"பிரான்சி யாரு வீட்டுப் பொண்ணு? வாடகை யாரு பேர்ல? எடம் யாரோடது?"

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்லல."

"கேக்கக்கூடாதா? பெத்தவன் கேக்காம யாரு கேப்பா?"

"கேளுங்க. எங்கிட்டக் கேளுங்க. எனக்கு வேலை குடுக்க இருந்த கோயமுத்தூர் கம்பெனிக்காரங்ககிட்டப் போயி ஏன்ப்பா கேட்டீங்க? வாட்ச்மேன்கிட்டச் சம்பளம் ஒழுங்காத் தராங்களான்னு, பக்கத்து ஜெராக்ஸ் கடையில மொதலாளி எப்படின்னு. கடைசியில அந்த மொதலாளிகிட்டயே ஜிஎஸ்டி பேப்பரைக் காட்டுன்னு. ஆஃபர் லெட்டர் குடுத்தவங்க, 'உங்க அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றோம்மா'ன்னு சிரிச்சிட்டுப் போனை வச்சிட்டாங்க. வேலையும் போச்சு."

"அது போலிக் கம்பெனி."

"இன்னைக்கும் நடக்குதுப்பா. நல்லா நடக்குது. என் கிளாஸ்மேட் அங்கதான் இருக்கான்."

அமிர்தராஜ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பாக்கியமேரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க," என்றாள். "ஞானஸ்நானத்துக்கே சாட்சி கேட்ட மனுசன். உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா?"

அவர் குடித்தார். சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவளிடம் நகர்த்தினார். "பின் எல்லாம் பாத்துட்டேன். நல்ல போர்டுதான்."

ஆன்சி அதைத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"போர்டு இருக்கட்டும்ப்பா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிரான்சி வீட்டுக்குப் போன் பண்ண மாட்டீங்கதானே? ஆளு விட்டு விசாரிக்க மாட்டீங்கதானே? சரின்னு ஒரு வார்த்தை."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். பணிமனையில் தன்னோடு வேலை பார்த்து மாற்றலாகி பெங்களூரில் தங்கிவிட்ட ஒருவரின் முகம் அதற்குள் அவர் மனதில் வந்து நின்றுவிட்டது. நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொன்னால் போதும், பக்குவமாக விசாரித்துவிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவர் டம்ளரை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"அப்பா?"

பாக்கியமேரியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். ஆன்சி எழுந்தாள். பிறகு லேப்டாப்பை மூடி, சின்னப் பெட்டியை அதன் மேல் வைத்து எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.