லுங்கிக்கு மேல் கட்டிய பெல்ட்

தொண்ணூற்றொன்றில் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு கல்குவாரியில், கயிற்றில் தொங்கியபடி பாறையில் துளை போடும் வேலை கிடைத்தது. நானும் கூட்டாளி அந்தோணியும் பழைய சாமான் கடையில் முதல்முறையாக, கயிற்றில் மாட்டித் தொங்கும் இடுப்பு பெல்ட்டும் ஷூவும் வாங்கினோம். நான் கால்சட்டை மேல் இறுக்கிப் பார்த்தேன். அவன் மடித்துக் கட்டிய லுங்கி மேலேயே மாட்டினான்.

"மெத்துன்னு கீது மச்சி. நீ இன்னா, பொண்ணு பார்க்கப் போற மாதிரி சைஸ் பார்த்துக்கினு கீற?" என்று சிரித்தான்.

மறுநாள் பாறையில் அவன் கால் வழுக்கியது. கயிறு தாங்கியது. ஆனால் லுங்கி அவிழ்ந்ததில் பெல்ட் தளர்ந்து, தோள் வழியாக உருவிக்கொண்டது. என் பக்கத்தில் வெறும் பெல்ட்தான் ஆடியது.

இப்போது எந்த ஊரில் பெல்ட் வாங்கினாலும், கடை உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கிப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் அந்தோணியின் சிரிப்பு கேட்கிறது. இறங்க மனம் வருவதில்லை.