கார்மேகம் அண்ணன் போட்ட ஜாமீன்

எங்கள் கம்பெனியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு வேண்டுமென்றால் இன்னொரு தொழிலாளியின் ஜாமீன் கையெழுத்தோடு போய் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை ஜாமீன் போட்டவருக்கு லீவு கிடையாது. அதனால் எங்கள் ஷார்ஜா கேம்ப்பில் கூடப்பிறந்தவனுக்கே கையெழுத்துப் போட ஆள் யோசிப்பான். கார்மேகம் அண்ணன் மட்டும் யோசிக்கமாட்டார்.

பரமக்குடிப் பக்கத்துக்காரர். கம்பி கட்டும் வேலையில் பதினேழு வருடம். முதுகு போய்விட்டது. சைட்டிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிடுவார். ஆனால் பரீட்சை என்று யாராவது வந்து நின்றால் எழுந்து உட்கார்ந்து பேனாவைத் தேடுவார். ஊரில் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் கேம்ப்பில் நாலைந்து பேர் இருந்தோம். ஷார்ஜா ரோலா பகுதியில் ஒரு தபால்வழிக் கல்வி மையத்தில் பரீட்சை எழுதுவோம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டாவிட்டால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறானுங்க?" என்று ரூமில் கேலி பேசுவார்கள்.

"பரீட்சைக்குத்தானப்பா போறாங்க, சினிமாவுக்கா?" என்பார் அண்ணன். அவர் மகள் அருணா ஊரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவள் மார்க்கை எப்போது கேட்டாலும் ஒன்று விடாமல் சொல்வார்.

2006 டிசம்பரில் எனக்கு இரண்டு அரியர் பாக்கி. என் பதிவுக் காலம் அதோடு முடிகிறது. விட்டால் ஆறு வருடப் படிப்பும் கோவிந்தா. முதல் பேப்பர் ஒரு வெள்ளிக்கிழமை, மற்றது சரியாகப் பதினாலு நாள் கழித்து. அண்ணன் ஜாமீன் போட்டு என் பாஸ்போர்ட்டை வாங்கித் தந்தார். நடுவில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி தர மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். "நீயே வச்சுக்க பாலகுரு, ரெண்டையும் எழுதிட்டுக் குடு" என்றார் அண்ணன். வைத்துக்கொண்டேன்.

முதல் பேப்பர் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி நாகவள்ளி போன் செய்தார். நாகவள்ளியின் தம்பி வீரபாண்டி அருணாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டானாம். பையன் ரியாத்தில், பத்தா பக்கம் போன் கடையில் வேலை. அவனுக்கு லீவு நாற்பத்தைந்து நாள்தான், அதிலும் பாதி போய்விட்டது. அதனால் அடுத்த வாரம் புதன்கிழமையே முகூர்த்தம். அருணா சாப்பிடாமல் கிடந்து அழுகிறாள். அண்ணன் போனிலேயே கத்தினார், கெஞ்சினார். "தாய்மாமன் நான் முன்ன நின்னு பேசி முடிச்சிட்டேன். நிறுத்தணும்னா நீங்க நேர்ல வந்து நின்னு சொல்லுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டான் வீரபாண்டி.

அண்ணன் ஆபீஸுக்கு ஓடினார். "பாலகுருவுக்குப் போட்ட ஜாமீன் நிக்குது, லீவு மாஃபி, கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜாமீனை வேறு ஆள் பேருக்கு மாற்ற நான் கேம்ப் முழுக்க இரண்டு நாள் அலைந்தேன். ஒருத்தனும் முகம் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் என் எதிர்க்கட்டிலில் வந்து உட்கார்ந்தார். பாஸ்போர்ட் என் பெட்டியில் இருந்தது.

"அடுத்த பேப்பர் என்னைக்குப்பா?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைண்ணே."

"இந்தத் தடவ விட்டா?"

"அவ்வளவுதாண்ணே."

"சரி, படி" என்று படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடுத்திருக்கலாம். அவர் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே புத்தகத்தை விரித்தேன். கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. அண்ணன் அன்றைக்கும் டியூட்டிக்குப் போனார். வெள்ளிக்கிழமை நான் பரீட்சை எழுதினேன், நன்றாகவே எழுதினேன். சனிக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் அவருக்கு லீவு தருவதாகச் சொன்னார்கள். "இனிமே போயி என்ன பண்ண?" என்று அவர் போகவில்லை.

மார்ச்சில் ரிசல்ட் வந்தது. பாஸ். அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்லாருப்பா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அருணாவோட பிளஸ் டூ மார்க் ஷீட் காலேஜ்ல மாட்டிக்கிட்டு இருக்கு. அப்பன் எழுதிக் குடுத்தாத்தான் தருவாங்களாம். நீதான் டிகிரி முடிச்சவன், நீயே எழுதிரு."

என் மகள் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள், அவளுடைய சான்றிதழ்களைத் தரவும் என்று எழுதினேன். "காரணம் என்னண்ணே போட?" என்று கேட்டேன்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போடு."

போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நாலாக மடித்தார்.

"பின்னாடி படிக்கணும்னு வந்தா மறுபடி சேத்துக்குவாங்களாப்பா?"

எனக்குத் தெரியாது. "சேத்துக்குவாங்கண்ணே" என்றேன்.