டோபின் கல்லறையில் ஓர் ஆள் இடம்

வாடகைக் கார் ஒன்று கோட்டைச் சுவரோரம் வந்து நின்றால் போதும், டின்னி டோபின் குடித்துக்கொண்டிருக்கும் தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொள்வார். ஓய்வுபெற்ற தபால்காரர்; வயது எழுபத்து மூன்று. ஃபெதர்ட் ஊருக்குப் பாட்டன் பூட்டனைத் தேடி வரும் அமெரிக்கர்களுக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்று வழி சொல்வார். பெரும்பாலும் தப்பான வழி.

"டோபினா? இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா டோபின் மேலதான் விழணும். உங்க ஆளுங்க வேற டோபின். காஷல் பக்கம் போய்ப் பாருங்க."

அதோடு விடமாட்டார். "வீட்ல எல்லாரும் சுகமா? பெரியவங்க யாராச்சும் படுக்கையில இருக்காங்களா?"

வந்தவர்கள் உருகிப்போவார்கள். டின்னிக்கோ அது அன்பு இல்லை, விசாரணை. அந்தப் பழைய தோட்டத்தில் குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம். டோபின் கல்லறையில் மிச்சமிருப்பது ஓர் ஆள் இடம், இறந்துபோன மனைவி ப்ரீடாவுக்குப் பக்கத்தில். அதைத் தட்டிக்கொண்டு போகத்தான் இத்தனை பேரும் கடல் தாண்டி வருகிறார்கள் என்று நம்புகிறார். ஊருக்கு வெளியே புதுக் கல்லறையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே படுக்க நேருமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

சென்ற மாதம் பாஸ்டனிலிருந்து வந்த லொரெய்னிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலோடு நேராகக் கல்லறைக்கே வந்துவிட்டாள்.

"உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் கூடப்பிறந்தவங்க, மிஸ்டர் டோபின்."

"காகிதத்துல யார் வேணா என்ன வேணா எழுதலாம். வீட்ல எல்லாரும் சுகமா?"

"அப்பா போன வருஷம் தவறிட்டார்." தோள்பையைத் தொட்டாள். "இதுலதான் இருக்கார். தெரியாதவங்க நடுவுல என்னைப் போட்டுடாதேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."

டின்னியின் முகம் சுண்டிவிட்டது. பையையே முறைத்தார்.

"முழு ஆளுமா?"

"முழு ஆளும்தான்." ரொட்டி அளவுக்கு ஒரு மரச் சாம்பல் பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

அவர் அதை வாங்கிக் கையில் கனம் பார்த்தார், திருப்பித் தந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, ப்ரீடாவுக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்தார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார்.

"கால்மாட்டுல வை. பார்ப்போம்."

வைத்தாள். பெட்டி அவருடைய பூட்ஸில் இடித்தது. டின்னி தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏதோ முனகினார். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.