காரின் அடிவயிறு ஏன் இடிக்கிறது?

இன்று காலை, ஜனக்புரியில் எங்கள் காலனி வேகத்தடையில் காரின் அடிவயிறு 'கர்ர்ர்' என்று உரசியது. தினமும் ஏறி இறங்கும் அதே வேகத்தடைதான்.

"என்ன சத்தம்?" என்றேன்.

"ரெண்டு பேர் உக்காந்திருக்கோம்ல, வெயிட்டு" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது பார்வை என் இடுப்பில்.

விடுவேனா? இறங்கிக்கொண்டு, "இப்போ தனியா ஓட்டுங்க" என்றேன்.

மறுபடியும் 'கர்ர்ர்'.

நேற்றுதான், ஞாயிற்றுக்கிழமை, நண்பரோடு சேர்ந்து காரை ஜாக்கில் தூக்கிவைத்து நாள் முழுக்க அடியில் கிடந்தார். கேட்டதற்கு, "பிரேக் க்ளீன் பண்றேன்" என்றார்.

திரும்பி வந்ததும் கேட் காவலாளியிடம் விசாரித்தேன். "சாப் நே ஸ்பிரிங் பதல் தியா, மேடம்" என்றார் பெருமையாக. கார் ஸ்டைலாகத் தாழ்ந்து நிற்கப் பழைய ஸ்பிரிங்கை மாற்றிக் குட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிறாராம். பழசை மேலே எடுத்துப் போனாராம்.

கட்டிலடி, பால்கனி எங்கும் இல்லை. கடைசியில் பரணில் ஏறிக் கொலுப் பெட்டியைத் திறந்தேன். நவராத்திரி வரை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம்! என் பழைய புடவையில் பத்திரமாகச் சுற்றி, நாலு ஸ்பிரிங்.

அது போகட்டும். அந்தப் பெட்டியில் இருந்த செட்டியார் பொம்மையும் செட்டிச்சியும் எங்கே என்று அவரிடமே கேட்டேன்.

"அச்சா, அதுவா... இரு, பிரேக்கை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கிவிட்டார்.

பால்கனியிலிருந்து பார்க்கிறேன். டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரேக் டிக்கிக்குள்ளா இருக்கும்? கார் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.