லயத்தில் போடாத சார்ஜ்

லிங்கியிலிருந்து சிரம்பானுக்கு என்னை ஏற்றிச் சென்ற வாடகை மின்காரின் ஓட்டுநர், ஏசி போடாமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினார். பேட்டரி மிச்சமாகுமாம். கழுத்தில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் அதிவேக சார்ஜரில் நிறுத்தினார். "கொஞ்ச நேரந்தான் தம்பி, பொறுத்துக்குங்க."

"வீட்டுல போட்டா இதுல பாதிக் காசுகூட ஆகாதே அண்ணே?" என்றேன்.

"தெரியும்லா. இங்க போட்டுப் போட்டே இந்தக் காடிக்குத் தவணை கட்ட முடியல. பேங்க்காரனுங்க எப்ப இழுத்துட்டுப் போவானுங்களோ."

"அப்புறம் ஏன் இங்க போடுறீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். "தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருக்கேன் தம்பி. எல்லா வீட்டுக்கும் ஒரே பழைய லைன். ஒருநா சமையக்கட்டு ஜன்னல் வழியா வயர இழுத்து காடிக்குப் போட்டேன். லயம் முழுக்க கரண்டு போச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஆக்சிஜன் மிசின்ல இருந்தாங்க. திரும்பி கரண்டு வந்தப்ப அவங்க இல்ல."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அங்க கரண்டு போறது வழக்கம்தானே. யாருமே கேக்கல. நானும் வயரச் சுருட்டி வச்சுட்டு, அவங்க சாவுக்குப் பந்தல் கட்டப் போயிட்டேன்."

சிரம்பான் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "பாத்துப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே கிளம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் யாரிடமும் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னார் என்று இன்றும் புரியவில்லை. நானாவது திட்டுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.