துரை உருட்டச் சொன்ன பந்து

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கடுதாசி இங்கிலீஷில் புலி. ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடிகிற எதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். வெள்ளைக்காரர்கள் வாயால் பேசுகிற இங்கிலீஷ் மட்டும் அவருக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்கு “எஸ் ஸார்” என்று ஒரு வைத்தியம் வைத்திருந்தார்.

ஹெட் கிளார்க் ஓய்வுபெறும் சமயம் அது. அந்த இடத்துக்கு அப்பா பெயரும் அடிபட்டது. அப்போதுதான் துரை, ஊழியர்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடையாற்றில் அவர் பங்களாவில் முதல் கூட்டம், குழந்தைகளும் வரலாம். அன்றைக்கு அப்பாதான் ‘செட் தி பால் ரோலிங்’ செய்ய வேண்டும் என்று துரை சொல்லியிருக்கிறார். அப்பாவும் “எஸ் ஸார்” சொல்லிவிட்டார்.

மயிலாப்பூரில் எங்கள் வீடு அன்று அமர்க்களப்பட்டது.

“நான்தான் பந்தை உருட்டி கிளப்பை ஆரம்பிச்சு வைக்கணுமாம்,” என்றார் அப்பா.

“இந்த வயசுல பந்தா? எதுக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுண்டு போங்கோளேன்,” என்றாள் அம்மா.

“கேட்டா, எனக்கு இங்கிலீஷ் தெரியலேன்னு ஆபீஸ் பூரா ஆயிடும்.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

மறுநாளே சிவப்பு ரப்பர் பந்து ஒன்று வந்தது. அந்த வாரம் முழுதும் கூடத்தின் ஒரு கோடியில் அப்பா, மறு கோடியில் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து உருட்டிப் பழகினார். அதற்கு முன் அவர் என்னோடு விளையாடியதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பங்களாத் தோட்டத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துரை தலையசைத்ததும் அப்பா எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து பந்தை எடுத்துப் புல்தரையில் உருட்டினார். அது நேராகப் போய்த் துரையின் பூட்ஸில் முட்டி நின்றது. கூட்டமே சிரித்தது. நான் கைதட்டினேன்.

“முதல்ல பேசி ஆரம்பிச்சு வையும்னு அர்த்தம், ஓய்,” என்றார் பக்கத்து நாற்காலிக் குமாஸ்தா. அப்பாவிடம் பேச ஒன்றும் இல்லை. ஏதோ தடுமாறிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் குமாஸ்தாதான் எழுந்து பேசினார்; பின்னால் ஹெட் கிளார்க் ஆனவரும் அவர்தான்.

துரை சிரித்தபடியே பந்தைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஜட்காவில் அப்பா அதை என் மடியில் வைத்து, “நீயே வச்சுக்கோ,” என்றார்.

மறுநாள் தெருவில் ஒரு வீடு விடாமல் பந்தைக் காட்டினேன். எங்கப்பா உருட்டினதைப் பார்த்துத் துரையே சிரித்துப் பரிசு கொடுத்தார் என்று சொன்னேன். அப்பா சாயங்காலம் கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

“வாங்கோப்பா, நேத்து மாதிரியே உருட்டுங்கோ. எல்லாரும் எப்படிச் சிரிச்சா!”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எழுந்ததும் கண்ணில் படட்டும் என்று பந்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.